ஹன்சாட்டா, விஞ்ஞாபனமா? வேட்பாளரின் குடிவரவுக் கணக்கைப் பார்க்க எது உதவும்

தமிழக முகாம்களிலிருந்து திரும்புவோர், மியன்மாரிலிருந்து கடல்வழி வந்த ரோஹிங்கியர் ஆகியோர் விடயத்தில் ஒரு வேட்பாளர் என்ன செய்தார்? திருகோணமலை வாக்காளர் கையில் இரண்டு ஆவணங்கள் உண்டு: கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனம், பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்.

விஞ்ஞாபனத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம். எந்தச் சட்டம், எந்த அமைச்சு, எப்போது என்று மூன்றையும் தேடுங்கள். ‘ஆவன செய்வோம்’ மட்டுமே இருந்தால் வாய்ப்பந்தல்தான். அதுவும் கட்சியின் வாக்குறுதி, ஆளின் வாக்குறுதியல்ல.

ஹன்சாட் நேரம் தின்னும், ஆனால் ஆளைக் காட்டும். பாராளுமன்ற இணையதளத்தில் அமர்வுத் திகதிப்படி இருக்கிறது. எனவே முதலில் திகதியைப் பிடியுங்கள். முள்ளிவாய்க்கால் கடலில் 2024 டிசம்பர் 19 அன்று கண்ட ரோஹிங்கியர் படகு திருகோணமலைக்குத்தான் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிந்திய அமர்வுகளில் நம்மவர் பெயரைத் தேடலாம். தமிழில் கிடைக்காவிட்டால் இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம்: பழைய எழுத்துருவால் தேடல் தவறும், அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசியிருந்தால் அந்த மொழியில்தான் பதிவாகியிருக்கும். பக்கத்தைப் புரட்டுவதே உத்தமம்.

பேச்சைவிட, அமைச்சரிடம் சபையில் கேட்கும் வாய்மூல வினாவுக்கு மதிப்பு அதிகம். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். வாக்கைப் பார்க்கப் போனால் ஒரு சிக்கல்: பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்காமல் நிறைவேறிய சட்டமூலத்தில் யார் எப்பக்கம் என்பதே பதிவாகாது.

புதுமுகத்துக்கு ஹன்சாட் இராது. பிரதேச சபையில் இருந்தவரிடமும் தேடிப் பயனில்லை. குடிவரவு மத்திய அரசின் அதிகாரம். அவர்களுக்கு விஞ்ஞாபனமும், கூட்டத்தில் நீங்கள் கேட்கும் நேரடிக் கேள்வியும்தான்.