தேய்ந்த சீ50 சிலிண்டர்: போர் அடிப்பதா, புது செட் போடுவதா?

கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய ஹொண்டா சீ50 மோட்டார் சைக்கிளுக்குச் சிலிண்டர் விசாரித்தால் ஒரு கடையில் "போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்க" என்பார்கள், அதாவது சிலிண்டரின் உட்துளையைப் பெரிதாக வெட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. அடுத்த கடையில் "செட்டாவே எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். எதைச் செய்தாலும் எஞ்சின் ஓடும். எவ்வளவு காலம் ஓடும், வண்டியில் பழையது எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் சிலிண்டர்தான் காரணமா என்று பாருங்கள். திராட்டிலைக் கொடுத்து இழுக்கும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உட்துளை) பக்கம் சந்தேகம். கொஞ்ச நேரம் ஐட்லில் நின்றுவிட்டு எடுக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால் வால்வு கைட், ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டைப் பிடிக்கும் குழலும் அதன் ஒயில் சீலும்) பக்கம். சிலிண்டரைக் கழற்றியதும் பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ரொட்டை நீளவாக்கில் இழுத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் சிறிது அசையலாம். நீளவாக்கில் 'டக்' என்று ஒரு ஆட்டமும் இருக்கக்கூடாது. இருந்தால் பிக் எண்ட் (ரொட்டின் கீழ்முனை பெயரிங்) போய்விட்டது. அதன்மேல் எந்தச் சிலிண்டரை வைத்தாலும் காசு வீண்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பல வண்டிகள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். அப்படி உழைத்த எஞ்சின் கைக்கு வந்தால் போரோடு பிக் எண்டையும் கட்டாயம் பாருங்கள்.

சீ50யின் போர் 39 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 41.4 மி.மீ. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளவெடுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் தேய்வோ நீள்வட்டமோ தெரிந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. மேல்விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் ஒரு படி இருந்தாலும் அப்படித்தான்; புது ரிங் அந்தப் படியில் மோதி உடையும்.

போர் அடிப்பதென்றால் ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என ஏறும். கடைசி அளவில் போர் 40 மி.மீ., கொள்ளளவு 52 சீ.சீ. சொச்சம். அதைத் தாண்டினால் லைனர் (உள்ளே பொருத்தும் இரும்புக் குழல்) இறக்க வேண்டும், சீ50க்கு அது கடைசி வழி. இங்கே ஒரே ஒரு விதி: பிஸ்டனை வாங்கிய பிறகே லேத்துக்குப் போங்கள். பெட்டியில் 0.50 என்று இருக்கும், மைக்ரோமீற்றரில் வேறு காட்டும். பிஸ்டனின் ஸ்கர்ட்டை (கீழ்ப்பக்கச் சுவரை), பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, அடியருகில் அளந்து, அதற்கு மேல் 0.02 முதல் 0.03 மி.மீ. விட்டு வெட்டித் தரும்படி லேத் பாஸிடம் எழுதியே கொடுங்கள். "கொஞ்சம் லூஸா வைப்பம், பிடிக்காது" என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த 'கொஞ்சம்' ஆறாவது மாதத்தில் பிஸ்டன் தட்டும் சத்தமாகத் திரும்பி வரும். ஹோனிங் கோடுகள் (சாணைக்கல்லால் சுவரைத் தேய்த்த கீறல்கள்) குறுக்கும் மறுக்குமாகத் தெரிய வேண்டும். கீழ்விளிம்பில் சின்னச் சரிவு வெட்டச் சொல்லுங்கள், ரிங் நழுவி உள்ளே போக அது தேவை.

புது செட்டின் பலம் வேகம். சிலிண்டர், பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட் எல்லாம் ஒரே பெட்டியில், ஒரு பகலில் வேலை முடியும். ஆனால் மலிவான செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பூட்டுவதுதான் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துப்போவதற்கு முக்கிய காரணம். ரிங்கைப் பிஸ்டன் தலையால் நேராக உள்ளே தள்ளி, வாயிடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ. வரை நல்லது. 0.05 இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் சுவரைக் கீறும். மெல்லிய அரத்தால் தேய்த்துத் திறக்கலாம். ஒயில் போகும் துளைகளில் வார்ப்பு மண் இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். பிஸ்டன் தலையின் உயரம் பழையதோடு ஒக்கிறதா என்பதும் முக்கியம். சந்தேகமிருந்தால் பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, நசுங்கிய தடிப்பைப் பாருங்கள்.

எங்கள் தெரிவு: பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டரில் வெடிப்பில்லாமல், துடுப்புகள் உடையாமல், 40 மி.மீ.க்குள் அடங்குமானால் போர்தான். பல வருடம் சூடேறி ஆறிய இரும்பு இனி வளைந்து கொடுக்காது, அளவும் உங்கள் கையில். சிலிண்டரே இல்லாமலோ துடுப்புகள் உடைந்தோ கிடைத்த எஞ்சினுக்குச் செட் சரி. 47 மி.மீ. செட் போட்டு 70 சீ.சீ. ஆக்கும் ஆசை பலருக்கு உண்டு. அதற்கு 70க்குரிய ஹெட்டும், கார்பரேற்றர் ஜெட்டும் வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள சீ.சீ.யும் பொய்யாகிவிடும். முழு எஞ்சினை மாற்றினால் எஞ்சின் நம்பரே மாறும், அப்புறம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

எதைத் தெரிவு செய்தாலும் கழுவுதலில் சோம்பல் கூடாது. ஹோனிங் தூளைப் பெற்றோல் எடுக்காது. சுடுநீரும் சவர்க்காரமும் பிரஷும் போட்டு, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை தேயுங்கள். துடைத்த கையோடு ஒயில் பூசிவிடுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடற்காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவுக்குள் துருப்பிடிக்கும். பூட்டும்போது பிஸ்டனில் 'ஐஎன்' எழுத்து மேலே, கார்பரேற்றர் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப் புதிதாக, பழையதை மீண்டும் போட வேண்டாம். கிளிப் மாட்டும்போது எஞ்சினின் கீழ்வாயில் துணி அடைத்திருக்க வேண்டும். ரிங் வாய்கள் 120 பாகை இடைவெளியில். ஒயில் ஏறும் ஸ்டட்டுக்குச் செப்பு வாஷர். எதில் இருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்துவையுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, 9 முதல் 12 நியூட்டன் மீற்றர் வரை.

ஒயில் 0.8 லீற்றர். கிளச்சும் அதே ஒயிலில் நனைவதால் ஜாஸோ எம்ஏ (ஒயிலில் நனையும் கிளச்சுக்கான தரம்) என்று எழுதியதையே வாங்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் சூட்டோடு வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். வடித்ததில் பளபளப்பான பொடி கொஞ்சம் வருவது வழமை. கையில் தட்டுப்படும் துண்டு வந்தால் சிலிண்டரைத் திரும்பக் கழற்றுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் 'டீ' அடையாளத்தை வைத்து, வால்வு இடைவெளியை 0.05 மி.மீ.க்கு மீண்டும் பிடிக்க வேண்டும்.