மத்தள விமான நிலையம்: பண்டாரவளை வேன்காரன் போடும் மார்க்ஸ்

இலங்கையின் தெற்கே, ஹம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கிற இந்த விமான நிலையத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்கு நாலரை, விமானத்துக்கு அரை. அந்த அரையும் 2017இல் எங்கள் சித்தி ஏறிப் போன துபாய் விமானத்துக்காக.

மலைநாட்டில், பண்டாரவளையில் வேன் ஹயர் ஓடுகிறேன். பாதி ஓட்டம் எயார்போட் ஓட்டம்தான். தேயிலைத் தோட்டங்களிலிருந்து குவைத், சவூதி, துபாய் என்று வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், வழியனுப்ப வரும் பத்துப் பேர். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க எயார்போட் என்றால் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக ஏழு மணித்தியாலம். பெலிஹுல்ஓயா வளைவு வருவதற்குள் இரண்டு பேராவது வாந்தி எடுத்திருப்பார்கள். மத்தளைக்கு எல்ல இறக்கத்தில் இறங்கி வெல்லவாய, தணமல்வில தாண்டினால் போதும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நான் ஓடியதில்லை. அனுப்பிவிட்டு அப்படியே கதிர்காமம் போய்க் கும்பிட்டு வரலாம். இந்த வசதி வேறு எந்த எயார்போட்டில் இருக்கிறது?

2013 மார்ச் 18இல் திறந்தார்கள். ஓடுபாதை 3,500 மீட்டர், வருஷத்துக்குப் பத்து இலட்சம் பயணிகள் என்று கணக்கு, செலவு 20 கோடி டொலருக்கு மேல். அதில் 19 கோடி சீனக் கடன். புதிதில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூட பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, ஸ்ரீலங்கன் விமானங்கள் நின்றன. அந்த வருஷமே சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். அடுத்த வருஷம் ஓடுபாதைப் பக்கம் வரும் யானை, மான்களை விரட்டப் பட்டாசோடு முந்நூறுக்கு மேற்பட்ட படையினரும் பொலிஸாரும் காட்டுக்குள் இறங்கினார்கள். கட்டியவர்களைத் திட்டுகிறவர்களும் இதை அடித்தார்கள், கைவிட்டவர்களைத் திட்டுகிறவர்களும் இதையே அடித்தார்கள். பேரே மத்தளம், இரண்டு பக்கமும் இடி.

சரி, சித்தி போன நாளுக்கு வருகிறேன். பார்வையாளர் டிக்கெட் எடுத்து நாங்களும் உள்ளே போனோம். வரிசையில் சித்திக்கு முன்னால் நாலே பேர். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கீச்கீச்சென்றது, அந்தச் சத்தம் மண்டபத்தின் அடுத்த கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பெட்டி மூன்று கிலோ கூட. கட்டுநாயக்கவில் என்றால் பின்னால் நிற்கிறவர்களின் பார்வையிலேயே பாதி உயிர் போய்விடும். இங்கே கவுண்டரில் இருந்த தம்பி, "அவசரமில்லை அம்மா, ஆறுதலா எடுங்க" என்று தமிழிலேயே சொன்னார். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். நெத்தலிக் கருவாடு, வறுத்த மிளகாய்த்தூள், தேயிலைத்தூள் இரண்டு பார்சல், கதிர்காமத்து விபூதி. கருவாடு மணக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். தேயிலை ஒரு பார்சலும் கருவாடு முழுதும் வெளியே வந்தன, சித்தி விபூதியை மட்டும் கைப்பைக்கு மாற்றிக்கொண்டார். வெளியே வந்து பார்த்தால் என் வேனின் கூரையில் ஒரு மயில்.

அந்தத் துபாய் விமானமும் 2018 ஜூனில் நின்றது. அப்புறம் எங்கள் ஆட்கள் ஏறுகிற மாதிரி எதுவும் நிலைக்கவில்லை. 2021இல், அப்போது உலகிலேயே பெரிய சரக்கு விமானமான அன்டனோவ் 225 எண்ணெய் நிரப்ப இறங்கிப் போனது. 2022 கடைசியில் ரஷ்யச் சுற்றுலாக்காரர்களுக்கான விமானங்கள் வந்தன. 2024இல் 30 வருஷத்துக்கு இந்திய, ரஷ்யக் கம்பனிகளிடம் கொடுப்பதாக அமைச்சரவை முடிவெடுத்தது. ஒவ்வொரு செய்திக்கும் ஸ்டாண்டில் வேன்காரர்கள் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வோம்.

போக ஆளில்லை என்கிறார்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊவா மாகாணத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, நான் காட்டுகிறேன். ஆனால் என் வேனில் ஏறுகிறவர்களுக்கு ஏஜென்சி கொழும்பில், மெடிக்கல் கொழும்பில், டிக்கெட் போடுகிறவரும் கொழும்பில். போன வருஷம் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விட்டபோது ஏஜென்சிக்காரரிடம், "எங்கட ஆக்களுக்கு மத்தளயில போட ஏலாதா?" என்று கேட்டேன். "அண்ணே, அங்க மயில்தான் பறக்குது" என்றார். நக்கலுக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் அந்தப் பெண்ணைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே வரவழைத்து ஒரு அறையில் பாய் போட்டுப் படுக்க வைத்தவரும் அவர்தான். எயார்லைன்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் இறங்கினால் அடுத்த விமானத்துக்கு மாறுகிறவர்களும் சேருவார்கள், இங்கே இறங்கினால் காடு.

சும்மா பார்க்கப் போகிறீர்கள் என்றால் குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள், மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அந்த வெயில் ஆகாது. லுணுகம்வெஹெர பக்கம் பொழுது சாய்ந்த பிறகு யானை நிற்கும். ஹோர்ன் அடிக்காமல் லைட்டைக் குறைத்துக்கொண்டு நில்லுங்கள், அதுவாகப் போகும்.

சித்தி அடுத்த மாதம் லீவில் வருகிறார். கட்டுநாயக்கவுக்குத்தான். காலை ஆறு மணி விமானம், அதனால் முதல் நாள் இரவு பத்துக்கே பண்டாரவளையில் வேனை எடுக்கணும். ஷொப்பிங் பேக் இரண்டு ரோல் வாங்கி வைத்திருக்கிறேன், பெலிஹுல்ஓயா வளைவுக்கு.