ஜெரமையா ஓ'பிரையன் கப்பல்: எஞ்சின் அறை பிறகு, முதலில் வால் பக்கம்

சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் பெரும்பாலும் 39-ஆம் துறையில் கடல்சிங்கங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கரையோரமாக இன்னும் கொஞ்சம் நடந்தால் 35-ஆம் துறையில் ஜெரமையா ஓ'பிரையன் என்ற சாம்பல் நிறச் சரக்குக் கப்பல் நிற்கும். 1943 ஜூனில் மெய்ன் மாநிலத்தின் சவுத் போர்ட்லண்டில் கடலில் இறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இதே மாதிரி 2,710 சரக்குக் கப்பல்கள் கட்டினார்கள், லிபர்ட்டி கப்பல்கள் என்று பெயர். இன்றும் சொந்த எஞ்சினில் ஓடக்கூடியவை இதுவும் பால்டிமோரில் உள்ள ஜான் டபிள்யூ. பிரவுனும்தான். 2020 மே மாதம், இது அப்போது நின்றிருந்த 45-ஆம் துறையில் கிடங்கு தீப்பற்றியபோது தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்துக் காப்பாற்றியது இந்தக் கப்பலைத்தான். திறக்கும் நேரமும் நிற்கும் இடமும் மாறக்கூடும், கிளம்புமுன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறியதும் எல்லோரும் எஞ்சின் அறைக்கு ஓடுவார்கள். 2,500 குதிரைசக்தி நீராவி எஞ்சின், டைட்டானிக் படத்துக்காக ஓடவைத்துப் படமெடுத்தது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது எங்கும் போகாது. முதலில் வால் பக்கம் போய், பீரங்கி மேடையில் ஏறி நில்லுங்கள். கப்பலைக் காக்க ஏற்றப்பட்ட கடற்படைப் பீரங்கி வீரர்களின் இடம் அது. ஏறக்குறைய 1,45,000 பேர் இந்த வேலையில் இருந்தார்கள். அவர்கள் போன கப்பல்களில் 700-க்கு மேல் மூழ்கின. இறந்தவர்கள் 1,800-க்கு மேல். பெரும்பாலும் சின்ன வயசுப் பையன்கள். சான் டியேகோ, கல்ஃப்போர்ட், லிட்டில் கிரீக் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி.

பெரிய பீரங்கியை ஏன் வாலில் வைத்தார்கள்? சரக்குக் கப்பல் துரத்தாது, ஓடும். அதிலும் இது ஓடுவது 11 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஜெர்மன் நீர்மூழ்கி மேலே மிதந்து வந்தால் 17 நாட். தப்ப முடியாது, முதுகைக் காட்டிக்கொண்டே சுடத்தான் முடியும்.

இங்கே இருப்பது 5 அங்குலப் பீரங்கி. குண்டு தனி, வெடிமருந்து அடைத்த பித்தளை உறை தனி. குண்டு மட்டும் 25 கிலோ. இடப்புறம் இருப்பவர் குழலை ஏற்றி இறக்குவார், வலப்புறம் இருப்பவர் பீரங்கியைத் திருப்புவார். சுட்டதும் பின்னால் வந்து விழும் கொதிக்கும் உறையை அப்புறப்படுத்த ஆஸ்பெஸ்டாஸ் கையுறையோடு ஒரு ஆள். அதைத் தரையில் விட்டால், ஆடும் கப்பலில் அது உருண்டு அடுத்த குண்டைத் தூக்கி வருபவரின் காலடிக்கு வரும். மேடையைச் சுற்றியிருக்கும் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். சிதறல் தடுக்க மட்டும்தான் அது. தலைக்கு மேல் கூரை கிடையாது.

பக்கங்களில் விமானங்களைச் சுடும் 20 மில்லிமீட்டர் ஓர்லிகான் துப்பாக்கிகள். தோள் தாங்கிக்குள் நுழைந்து, பட்டையால் உடம்பைக் கட்டிக்கொண்டு சுட வேண்டும். தோட்டா அடைத்த டிரம்மில் 60 தோட்டா, எட்டு நொடியில் காலி. நிரப்பிய டிரம் 28 கிலோ. அதை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பொருத்துபவர்தான் உண்மையில் பாவம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். தடவாவிட்டால் சூட்டில் தோட்டா உறை துப்பாக்கியின் உள்ளறையோடு ஒட்டிக்கொண்டு துப்பாக்கி நின்றுவிடும். தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறினால் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, வேறு குழல் மாட்டுவார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்ற கப்பலை நினைத்துப் பாருங்கள். இதே வகை லிபர்ட்டி கப்பல். இந்த விரிகுடாவின் எதிர்க்கரையில், ரிச்மண்டில் கட்டியது. 1942 செப்டம்பர் 27, தென் அட்லாண்டிக்கில் மூட்டத்துக்குள்ளிருந்து ஸ்டியர் என்ற ஜெர்மன் கப்பல் திடீரென எதிரே வந்தது. அதில் 150 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறு. இவர்களிடம் பெரிதாக இருந்தது வாலில் ஒரே ஒரு 4 அங்குலம். கேப்டன் பால் பக் கப்பலைத் திருப்பி வாலை எதிரிக்குக் காட்டினார். பீரங்கி அதிகாரி கென்னத் வில்லெட் மேடைக்குப் போகும் முன்பே காயம்பட்டும் சுட்டுக்கொண்டே இருந்தார். பீரங்கி ஆட்கள் எல்லோரும் விழுந்த பின், எட்வின் ஓ'ஹாரா என்ற பயிற்சி எஞ்சினியர் மிச்சமிருந்த ஐந்து குண்டுகளையும் தானே ஏற்றிச் சுட்டு, அங்கேயே இறந்தார். ஹாப்கின்ஸ் மூழ்கியது, ஸ்டியரும் மூழ்கியது. உயிர்ப்படகில் 31 நாள் கழித்து பிரேசில் கரை சேர்ந்தவர்கள் 15 பேர்.

அன்று அவர்களுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். பெரும்பாலான பீரங்கி ஆட்களுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. இரவில் டார்பிடோ அடித்தால் எதைப் பார்த்துச் சுடுவது? ஆனாலும் பீரங்கி இயங்கும்வரை கப்பலை விட்டு இறங்கக்கூடாது என்பது அவர்களுக்குக் கொடுத்திருந்த உத்தரவு.

பார்த்து முடிக்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஏணிகள் செங்குத்து, படிகள் குறுகல், தளத்தில் தலையும் காலும் இடிக்க ஏராளமான இரும்பு. வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கையில் பை வேண்டாம். முட்டி வலி இருந்தால் எஞ்சின் அறையை விட்டுவிடுங்கள், பீரங்கி மேடையை மட்டும் விடாதீர்கள். அதே நாளில் நேரம் மிஞ்சினால் பிரெசிடியோவில் உள்ள மேற்குக் கரை நினைவிடத்துக்கும் போகலாம். பசிபிக் கரையோரக் கடலில் போரில் இறந்தவர்களின் பெயர்கள் அங்கே கிரானைட் சுவரில் வெட்டப்பட்டுள்ளன.