மிமிக்யூவின் வேஷம்: ஒரு டர்னுக்கு எட்டில் ஒரு பங்கு ஹெச்பி

போக்கிமான் சன், மூன் ஆட்டங்களில் 2016-ல் மிமிக்யூ என்ற போக்கிமான் அறிமுகமானபோது அதன் டிஸ்கைஸ் அபிலிட்டி (தானாக வேலை செய்யும் திறன்) முழுக்க இலவசம். எதிரியின் முதல் அடியை அந்தக் கந்தல் துணி வேஷம் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பதற்கு ஒரு கீறல்கூட விழாது. 2019-ல் ஸ்வோர்ட், ஷீல்ட் வந்தபோது இதற்கு விலை வைத்தார்கள். வேஷம் கலைந்தால் முழு ஹெச்பியில், அதாவது உயிர்ப்புள்ளியில், எட்டில் ஒரு பங்கு போகும். 2022-ல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டிலும் அதே விதிதான். விலை ஏறிய பிறகும் இந்த அபிலிட்டி வாங்கத் தகுந்ததா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். தகுந்ததுதான். ஆனால் கிடைக்கிற அந்த ஒரு டர்னில் என்ன செய்யப்போகிறோம் என்பது பேட்டிலுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். மிமிக்யூவின் அடிப்படை ஸ்டேட்கள்: ஹெச்பி 55, அட்டாக் 90, டிஃபென்ஸ் 80, ஸ்பெஷல் அட்டாக் 50, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 105, ஸ்பீடு 96. கூட்டினால் 476, பெரிய தொகை இல்லை. ரேங்க்டு பேட்டிலில் எல்லாம் லெவல் 50-க்கு வந்துவிடும். அங்கே ஹெச்பி ஐவி (பிறவிப் புள்ளி) 31 இருந்து ஈவி (பயிற்சிப் புள்ளி) எதுவும் போடாவிட்டால் இதன் ஹெச்பி 130. வேஷம் கலைந்தால் 16 போகும், மிச்சம் 114. ஒரே அடியில் சாய வேண்டிய இடத்தில் 16 மட்டும் கொடுத்துத் தப்பிப்பது நல்ல பேரம்தான்.

கூடவே வரும் செலவுகளைச் சேர்க்கும்போதுதான் கணக்கு இடிக்கும். தரையில் ஸ்டெல்த் ராக் (உள்ளே நுழைபவரைக் குத்தும் கற்கள்) கிடக்கிறது, மிமிக்யூ லைஃப் ஆர்ப் (அடியை வலுவாக்கி, பதிலுக்குக் கொஞ்சம் ஹெச்பி எடுக்கும் ஐட்டம்) வைத்திருக்கிறது என்று வையுங்கள். உள்ளே நுழைந்ததும் கல் குத்தி 16. அட்டாக்கை இரட்டிப்பாக்கும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடும் டர்னில் வேஷம் கலைந்து இன்னொரு 16. அடுத்து இரண்டு முறை அடித்தால் லைஃப் ஆர்ப் தடவைக்கு 13 வீதம் 26. எதிரியின் அடி உடம்பில் ஒன்றுகூடப் படாமலேயே 58 போயாயிற்று, கையில் இருப்பது 72. லைஃப் ஆர்ப்பை மாட்டும் முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. டீமில் கற்களைக் கூட்டித்தள்ள ஆள் இல்லை என்றால் மிமிக்யூவை முதல் ஆளாகவே இறக்கிவிடலாம்.

சாய்க்கக்கூடிய அடியை ஒருமுறை தாங்கவைக்கும் ஐட்டமான ஃபோக்கஸ் சாஷ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பழைய விதியில் வேஷம் ஓர் அடி, சாஷ் ஓர் அடி என்று இரண்டு அடி தாங்கும். இப்போது வேஷம் கலைந்ததுமே ஹெச்பி குறைந்துவிடுகிறது. முழு ஹெச்பி இல்லாதபோது சாஷ் வேலை செய்யாது. எனவே வேஷமும் சாஷும் சேர்ந்து இன்று ஒன்றுக்கொன்று உதவாத ஜோடி. பழைய குறிப்புகளைப் பார்த்து டீம் கட்டுகிறவர்கள் இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வேஷம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது அடுத்தது. நேரடியாக அடிக்கும் மூவ் எதுவானாலும், அது எவ்வளவு சின்னதானாலும், வேஷம் அதற்கே செலவாகிவிடும். பெரிய அடிக்காகக் காத்திருந்து வாங்கும் புத்தி அதற்குக் கிடையாது. அனுபவமுள்ள எதிரி இதைத்தான் பயன்படுத்துவார். யூ-டர்ன் பூச்சி வகை மூவ், மிமிக்யூ மேல் அதன் வலு கால் பங்குதான். ஆனாலும் ஒரு தட்டு தட்டி வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கம்பி நீட்டிவிடும், அந்த இடத்துக்குப் பொருத்தமான ஆள் வந்து நிற்பார். புல்லட் சீட், ராக் பிளாஸ்ட் மாதிரி ஒரே மூவில் பல அடி விழுபவற்றில் முதல் அடிதான் வேஷத்துக்கு, மிச்சமெல்லாம் உடம்புக்கு. உர்ஷிஃபுவின் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூன்று அடி, மூன்றுமே கிரிட்டிக்கல். அதில் இரண்டு உள்ளே போகும்.

கல், முள், விஷம், தீக்காயம், மணல்காற்று இவற்றால் வேஷம் கலையாது, ஆனால் சேதத்தை அது தடுக்கவும் தடுக்காது. பேய் வகை என்பதால் நார்மல், ஃபைட்டிங் மூவ்கள் படாது. ஃபேரி வகை என்பதால் டிராகன் மூவ்களும் படாது. படாத அடி வேஷத்தையும் தொடாது. இந்த அபிலிட்டியின் பாதி மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று சொல்லலாம். ஃபேக் அவுட், ரேப்பிட் ஸ்பின் என்று சின்ன அடி கொடுக்கும் மூவ்களில் பல நார்மல் வகை, அவை மிமிக்யூவிடம் பலிக்காது. பலவீனம் என்று பார்த்தால் பேய், ஸ்டீல் இரண்டு வகைகள்தான்.

அடிக்காத மூவ்கள்தான் உண்மையான தலைவலி. வில்-ஓ-விஸ்ப் வேஷத்தைச் சட்டை செய்யாமல் பற்றிக்கொள்ளும், அட்டாக் மூவ்களின் வலு பாதியாகும். தண்டர் வேவ் ஸ்பீடைப் பாதியாக்கும். அடிக்காத மூவ்களைத் தடுக்கும் டான்ட் போட்டால் ஸ்வோர்ட்ஸ் டான்ஸும், மெதுவானவரை முந்தவைக்கும் ட்ரிக் ரூமும் போயின. ரோர் போட்டால் ஆடிச் சேர்த்த அட்டாக் எல்லாம் கலைந்து மிமிக்யூ பெஞ்சுக்குத் திரும்பும். வேஷம் அப்படியே இருந்தும் பிரயோஜனமில்லை. எதிர் டீமில் இந்த நான்கில் ஒன்று இருக்கக்கூடிய ஆள் தெரிந்தால், அந்த ஆள் சாயும்வரை மிமிக்யூவைப் பெஞ்சிலேயே வைத்திருங்கள்.

கேஸ்ட்ரோ ஆசிட், ஸ்கில் ஸ்வாப் போன்றவற்றால் டிஸ்கைஸை அணைக்கவோ மாற்றவோ முடியாது. ஆனால் மோல்டு பிரேக்கர் அபிலிட்டி உள்ளவர்களுக்கு வேஷம் கண்ணிலேயே படாது. டிங்கட்டானிடம் அந்த அபிலிட்டி இருக்கலாம், அதன் கைகான்டன் ஹேமர் 160 வலுவுள்ள ஸ்டீல் மூவ். ஸ்டீல் மிமிக்யூவின் பலவீனம் என்பதால் இரண்டு மடங்கு. வேஷத்தை நம்பி அதன் எதிரில் டான்ஸ் ஆட நின்றால் முதலுக்கே மோசம். டிங்கட்டானிடம் வேறு அபிலிட்டியும் இருக்க முடியும். மோல்டு பிரேக்கர் என்றால் களத்தில் இறங்கும்போதே திரையில் அறிவிப்பு வரும், அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விடாதீர்கள். எக்ஸ்காட்ரில், ஹார்த்ஃபிளேம் முகமூடி போட்ட ஓகர்பான் இரண்டிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

சிங்கிள்ஸ் பேட்டிலுக்கு எந்த அமைப்பு சிறந்தது என்று கேட்டால் பதில் இன்னும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ்தான். அட்டாக்குக்கு 252 ஈவி, ஸ்பீடுக்கு 252, மிச்சம் ஹெச்பிக்கு. ஈவி இல்லாத மிமிக்யூவுக்கு ப்ரோட்டீன் 26, கார்போஸ் 26 கொடுத்தால் இரண்டும் நிறைந்துவிடும். இயல்பை ஜாலி மின்ட் கொடுத்து மாற்றினால் லெவல் 50-ல் ஸ்பீடு 162. அடமன்ட் மின்ட் என்றால் ஸ்பீடு 148-ல் நிற்கும், அட்டாக் 142-லிருந்து 156 ஆகும். ஜாலியைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. வேஷம் கலைந்த பிறகு மிமிக்யூ மெல்லிய ஆள், அப்போது முந்தி அடிப்பதுதான் உயிர். அட்டாக்கில் விட்ட 14 புள்ளியை டான்ஸ் ஒரே ஆட்டத்தில் மீட்டுவிடும்.

மூவ்களில் பிளே ரஃப், ஷேடோ ஸ்னீக், ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் மூன்றும் உறுதி. நான்காவது இடத்துக்கு ஷேடோ கிளாவும் டிரெயின் பஞ்சும் போட்டி. கிங்காம்பிட் அடிக்கடி எதிரில் வந்தால் டிரெயின் பஞ்ச். இருள், ஸ்டீல் இரண்டு வகையும் சேர்ந்த அதற்கு ஃபைட்டிங் அடி நான்கு மடங்கு. பேய் அடி பாதிதான் ஏறும், பிளே ரஃப் வெறும் ஒரு மடங்கு. பிளே ரஃப்பின் குறை அதன் 90 சதவீதத் துல்லியம். தொடர்ந்து இரண்டு முறை படும் வாய்ப்பு 81 சதவீதம்தான். டான்ஸ் ஆடி, வேஷம் இழந்து, அடுத்த அடி தவறியது என்றால் மொத்த முதலீடும் போச்சு. எதிரியின் ஹெச்பி குறைவாக இருக்கும்போது முந்திப் பாயும் ஷேடோ ஸ்னீக்கையே நம்புங்கள். வலு 40 என்றாலும் தன் வகை மூவ் என்பதால் 60 ஆகிறது, டான்ஸுக்குப் பின் அதுவும் இரட்டிக்கும்.

டான்ஸ் ஆடும் நேரத்தில்தான் நல்ல ஆட்டக்காரர் தெரிவார். ஒரு டிராகன் வகை எதிரி டிராகன் மூவிலேயே சாய்ஸ் ஐட்டத்தால் பூட்டிக்கொண்டு நிற்கும்போது மிமிக்யூவை மாற்றி இறக்கினால், அந்த அடி படாது, வேஷமும் அப்படியே இருக்கும். எதிரி ஆளை மாற்றியாக வேண்டும். அந்த டர்னில் டான்ஸ் ஆடினால், வேஷம் முழுசாக, அட்டாக் இரட்டிப்பாக அடுத்த ஆளைச் சந்திக்கலாம். வேஷத்தைச் செலவழிக்காமல் டான்ஸை முடித்துவிட்டு, அடிக்கும் டர்னில் வேஷத்தைச் செலவழிப்பதுதான் இந்த அபிலிட்டியின் உச்சப் பயன்.

டபுள்ஸில் மதிப்பு கொஞ்சம் இறங்குகிறது. இரண்டு எதிரிகளும் மிமிக்யூவையே குறிவைத்தால் ஓர் அடி வேஷத்துக்கு, மற்றொன்று உடம்புக்கு. பக்கத்தில் நிற்கும் நம் ஆள் போடும் எர்த்குவேக்கும் வேஷத்தைக் கலைத்துவிடும், இதை மறந்து டீம் கட்டுகிறவர்கள் நிறைய. இங்கே மிமிக்யூவுக்கு ஏற்ற வேலை ட்ரிக் ரூம் போடுவது. அது டர்னின் கடைசியில் நடக்கும் மூவ், அதுவரை உயிரோடு நிற்பதுதான் சிரமம், அதற்கு வேஷம் கைகொடுக்கிறது. எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுக்கும் ஃபாலோ மீ போடும் இன்டீடியைப் பக்கத்தில் நிறுத்தினால் இன்னும் உறுதி. முந்திப் பாயும் மூவ்களைத் தடுக்கும் அதன் சைக்கிக் டெரெய்ன் இருக்கும்வரை தரையில் நிற்கும் எதிரி மேல் நம் ஷேடோ ஸ்னீக்கும் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஐட்டமாக மென்டல் ஹெர்ப் கொடுத்தால் ஒரு டான்ட்டைத் தாங்கும்.

ட்ரிக் ரூம் போட்ட டர்னையும் சேர்த்து ஐந்து டர்ன்தான் நிற்கும், கைக்கு வருவது நான்கு. அந்த நான்கில் 96 ஸ்பீடுள்ள மிமிக்யூ களத்தில் நின்றால் நமக்கே பாரம். கர்ஸ் மூவ் இங்கே உதவும். பேய் வகை அதைப் போட்டால் தன் ஹெச்பியில் பாதி, அதாவது 65, கொடுக்க வேண்டும். சாபம் பட்டவர் ஒவ்வொரு டர்னும் கால் பங்கு இழப்பார். வேஷம் கலைந்த 114-லிருந்து முதல் கர்ஸ் போட்டால் 49. இரண்டாவது போட்டால் மிமிக்யூ தானே சாய்ந்து, மெதுவாக நகரும் நம் அடிகாரருக்கு அடிபடாத வழி விடும்.

வேஷம் என்ற பெயருக்கு உண்மையில் பொருத்தமானது ஸோரோவார்க் என்ற இன்னொரு போக்கிமானின் இல்யூஷன் அபிலிட்டி. மிமிக்யூ வேஷம் போட்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். ஸோரோவார்க் போட்டிருப்பது தெரியாமல் இருந்தால்தான் பலன். பேட்டிலுக்கு நாம் தேர்ந்தெடுத்தவர்களில் கடைசி ஆளின் உருவத்தில் அது இறங்கும், மூவின் நேரடி அடி பட்டால் கலையும். கடைசி ஆள் சாய்ந்திருந்தால் அதற்கு முந்தையவரின் உருவம். ஆகவே ஸோரோவார்க்கைக் கடைசியில் தேர்ந்தெடுத்தால் வேஷமே இல்லை.

இதன் சாயம் பல இடங்களில் வெளுக்கும். இன்சினரோர் உருவத்தில் இறங்கி அதன் இன்டிமிடேட் அபிலிட்டியின் அறிவிப்பு வராவிட்டால் குட்டு வெளிப்பட்டது. வல்கரோனா உருவத்தில் வந்து ஸ்டெல்த் ராக்கில் பாதி ஹெச்பிக்குப் பதில் எட்டில் ஒரு பங்கு மட்டும் இழந்தாலும் அப்படியே. இறங்கும்போது எந்த அறிவிப்பும் தேவைப்படாத ஆளைக் கடைசி இடத்தில் வையுங்கள். நார்மல், பேய் இரட்டை வகையுள்ள ஹிசுய் ஸோரோவார்க்குக்கு ஃபைட்டிங் அடி படாது, அதன் ஒரே பலவீனம் இருள். கிங்காம்பிட் உருவத்தில் இறக்கினால் எதிரி ஆசையாக ஃபைட்டிங் மூவைப் போடுவார். அது படாமல் போகும் டர்னில் ஸ்பெஷல் அட்டாக்கை இரட்டிப்பாக்கும் நாஸ்டி பிளாட் போட்டுவிடலாம். அடி படாததால் உருவமும் கலையாது, ஆனால் எதிரிக்கு விஷயம் தெரிந்துவிடும். அடுத்த டர்னிலேயே அடித்துவிடுங்கள், இதன் டிஃபென்ஸும் ஸ்பெஷல் டிஃபென்ஸும் 60 வீதம்தான்.

ஒரே எதிரியோடு மூன்று பேட்டில் ஆடும் போட்டிகளில் இல்யூஷனின் மதிப்பு இரண்டாவது பேட்டிலிலேயே சரிகிறது, டிஸ்கைஸின் மதிப்பு மூன்றாவதிலும் குறைவதில்லை. அப்படிப்பட்ட போட்டிக்கு டீம் கட்டுகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை மிமிக்யூ. ஒற்றை பேட்டில்கள் கொண்ட ரேங்க்டு ஏணியில் ஏறுகிறவர்கள் ஹிசுய் ஸோரோவார்க்கையும் தாராளமாக முயன்று பார்க்கலாம். அதற்கு ஃபோக்கஸ் சாஷ் கொடுங்கள், அங்கே சாஷ் வீணாகாது.