லோஹாசவம்: ஆறு புட்டி குடித்து முடித்தபின் எழுதுகிறேன்

கோத்தகிரி பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீடு கடைக்கு மேலே, 84 படி ஏற வேண்டும். 15 வருடமாக ஏறி இறங்குகிற படிதான், ஆனால் போன ஆடி மாதத்திலிருந்து பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன், நெஞ்சு படபடவென்று அடிக்கும், காது அடைத்துக்கொள்ளும். குளிர்தான் காரணம், வயதும் 43 ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். ஒருநாள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அக்கா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இப்படி வெளுத்துக் கிடக்குது, சொட்டு ரத்தம் இல்லையே. லோஹாசவம் வாங்கிக் குடி, எங்க வீட்டுல எல்லாருக்கும் அதுதான்" என்றார்.

லோஹாசவம் என்பது இரும்பு சேர்த்துப் புளிக்க வைத்த ஆயுர்வேத மருந்து. அப்படித்தான் குன்னூரில் உள்ள ஒரு ஆயுர்வேத மருந்துக் கடைக்குப் போனேன். சின்னக் கடை, மர அலமாரி, உள்ளே நுழைந்ததும் தைல வாசனை, ஓரத்தில் வைத்தியர் உட்கார ஒரு மேசை. லோஹாசவம் ஒரு புட்டி என்று கேட்டேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களாம்மா?"

"இல்லீங்க, சோர்வா இருக்கு, அதான்."

"அப்ப முதல்ல அதைப் பண்ணிட்டு வாங்க. மருந்து எங்கயும் போயிடாது."

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்தவளுக்கு அன்று கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், இந்த மருந்தைப் பற்றி நான் சொல்லப்போகிற எல்லாவற்றையும்விட அவர் அன்று செய்ததுதான் பெரிது. சோகை என்றாலே இரும்புக் குறைவு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நம் மலையில் அப்படி முடிவு கட்டக் கூடாது. இங்கே இருளர், குறும்பர், பணியர் மக்களிடையே அரிவாள் செல் சோகை இருக்கிறது. இந்தியாவில் அந்த நோய் இருப்பதை முதன்முதலாக 1952-ல் கண்டறிந்ததே நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான். அதில் சிவப்பணு வளைந்து சீக்கிரமே உடைந்துபோகிறது, இரும்புக் குறைவால் வருவதல்ல அது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர் உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும், அதற்குமேல் இரும்பு மருந்து ஊற்றினால் கெடுதல். வெளுத்த இமையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

என் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.2, உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் 6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் சோகை என்பார்கள், அது சமவெளிக் கணக்கு. உயரத்தில் குடியிருக்கும்போது காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் உடம்பே சிவப்பணுவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறது, அதனால் உயரத்துக்கு ஏற்ப அந்த 12-ஐயும் ஏற்றிப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் இருப்பது கிட்டத்தட்ட 1800 மீட்டரில். ஆக, கீழே மேட்டுப்பாளையத்தில் ஒருவருக்கு 9.2 இருப்பதைவிட இங்கே எனக்கு 9.2 இருப்பது மோசம். லேப் தாளில் இதெல்லாம் அச்சாகவில்லை, டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அவர் எழுதிக் கொடுத்தது இரும்பு மாத்திரை. பத்து நாளில் வயிறு கல்லாகிவிட்டது, காலையில் குமட்டல் வேறு. லோஹாசவம் எடுத்துப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஆறு வாரம் பாருங்க, ஏறலைன்னா மறுபேச்சு இல்லாம மாத்திரைதான்" என்றார். சரி என்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி குன்னூர் போனேன், இந்த முறை புட்டி கிடைத்தது. 450 மில்லி, 200 ரூபாய்க்குள்தான்.

இனி மருந்துக்கு வருகிறேன். கஷாயம் வைத்து அதைப் புளிக்க வைத்தால் அரிஷ்டம், காய்ச்சாமல் அப்படியே நீரில் போட்டுப் புளிக்க வைத்தால் ஆசவம். லோஹம் என்றால் இரும்பு. லேபிளில் சார்ங்கதர சம்ஹிதை என்று போட்டிருக்கும், அது பழைய ஆயுர்வேத நூல், செய்முறை அதிலிருந்து வருகிறது. இரும்புத்தூள், சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், ஓமம், வாய்விடங்கம், கோரைக்கிழங்கு, கொடிவேலி வேர், ஒவ்வொன்றும் 4 பலம் (பலம் என்பது பழைய எடை அளவு). தாதகிப் பூ 20 பலம், தேன் 64 பலம், வெல்லம் 100 பலம், அப்புறம் தண்ணீர். நெய் தடவிய பானையில் ஒரு மாதம் மூடி வைப்பார்கள். தாதகிப் பூ சிவப்பாகச் சின்னதாக இருக்கும், மலையாளத்தில் தாதிரிப்பூ என்பார்கள், புளிக்க வைக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது அந்தப் பூவோடு வருகிற ஈஸ்ட்தான். இங்கேயே செய்ய முடியாதா என்று வைத்தியரிடம் கேட்டேன். "இந்தக் குளிர்ல பானை தூங்கிடும்மா, கீழேதான் ஒழுங்காப் பொங்கும்" என்றார். இட்லி மாவே மார்கழியில் இரண்டு நாள் எடுக்கிற ஊரில் இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

குடிக்க எப்படி இருக்கும்? நாக்கில் பட்டதும் வெல்லம், ஒரு நொடி கழித்துத் திப்பிலியும் கொடிவேலியும் தொண்டையில் சூடாக இறங்கும், கடைசியில் கடுக்காயின் துவர்ப்போடு பழைய இரும்புக் கரண்டியை நக்கியது போல ஒரு ருசி பல்லில் நிற்கும். முதல் வாரம் முகத்தைச் சுளித்தேன், பிறகு சாப்பாட்டுக்குப் பின் அந்தச் சூடு பிடித்துப்போனது, முக்கியமாக மழை நாளில். 15 மில்லி, அதே அளவு வெந்நீர், காலையும் இரவும் சாப்பிட்ட பின். புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் அடியில் வண்டல் நின்றுவிடும். குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள், இல்லையென்றால் பல்லில் கறை ஏறும். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பினால், முன்பே தெரிந்துகொண்டால் பயம் இல்லை.

கறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் வெள்ளை லைனிங் துணியில் இரண்டு சொட்டு சிந்திவிட்டது. எலுமிச்சை, சோப்பு, வெயில், எதற்கும் அசையவில்லை, துவைக்கத் துவைக்க சாம்பல் கறுப்பாக இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. பிறகுதான் உறைத்தது. கலம்காரி துணியில் கறுப்புக் கோடு எப்படி வருகிறது? துணியைக் கடுக்காயில் நனைத்து வைப்பார்கள், துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள், அந்த நீரால் எழுதினால் கறுத்துவிடும். இரும்பு, வெல்லம், கடுக்காய், புளிப்பு: என் புட்டிக்குள் இருப்பதும் அதேதான்! கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வருகிற கறுப்பு அது. இதே துவர்ப்புச் சத்துதான் நம் தேயிலையிலும் இருக்கிறது. தேநீரும் இரும்பும் வயிற்றில் ஒன்றாகச் சந்தித்தால் அங்கேயும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இரும்பு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காத வீடு இந்த மலையில் எத்தனை இருக்கும்? நான் நாளைக்கு ஆறு டம்ளர், அதில் மூன்று சாப்பாட்டை ஒட்டி. வைத்தியர் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி டீ குடிக்கச் சொன்னதன் காரணம் அந்தத் துணியைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மருந்தைவிட அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மருந்துக்குள்ளேயே கடுக்காய் இருப்பதால் அதில் உள்ள இரும்பும் முழுசாகச் சேராது என்றுதான் நினைக்கிறேன், மெதுவாக ஏறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நடுவில் ஒருமுறை ஊட்டி போயிருந்தபோது புட்டி தீர்ந்துபோனதால் வேறு ஒரு கடையில் வாங்கினேன். அறைக்கு வந்து பார்த்தால் பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்றும் இல்லை. அதற்குப் பதில் சர்க்கரை குறையும், தொப்பை கரையும், கல்லீரல் சுத்தமாகும் என்று பெரிய எழுத்தில். திருப்பிக் கொடுக்கப் போனால், "எல்லாரும் சர்க்கரைக்குத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று கடைக்காரர் வாதாடினார். மேலே சொன்ன கணக்கை ஒருமுறை பாருங்கள், 4 பலம் இரும்புக்கு 100 பலம் வெல்லமும் 64 பலம் தேனும் போகிற மருந்து இது. புளிக்கும்போது அதில் ஒரு பங்கு ஆல்கஹாலாக மாறும், ஆனாலும் இனிப்பு நாக்கிலேயே தெரிகிற அளவுக்கு மிஞ்சுகிறது. சர்க்கரை உள்ளவர் இதைச் சர்க்கரைக்காகக் குடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சார்ங்கதர சம்ஹிதையில் இந்த மருந்தைப் பற்றிய சுலோகம் முதலில் சொல்வது பசித்தீயை மூட்டும் என்பதைத்தான், பிறகுதான் பாண்டு (சோகை), வீக்கம், குன்மம் (வயிற்று நோய்) எல்லாம் வருகின்றன. பசி விஷயத்தில் எனக்குக் கண்கூடு, மூன்றாவது வாரத்திலேயே ராத்திரி களியும் கீரையும் கேட்டு வயிறு இரைந்தது.

இதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் உண்டு, என் புட்டியில் 10 சதவீதம் வரை என்று போட்டிருந்தது. குடியை நிறுத்தியவர் வீட்டில் இருந்தால் இதை அவர் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், என் கொழுந்தனார் நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது, அதனால் நான் கடையில்தான் வைத்துக் குடித்தேன். கர்ப்பிணிகள் தொட வேண்டாம், ஆல்கஹாலும் உண்டு, கொடிவேலியும் உண்டு. குழந்தைகளுக்குத் தாங்களாகக் கொடுக்காதீர்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விட வேண்டும், இரும்பு அந்த மாத்திரையையும் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹால் வேண்டாம் என்கிறவர்களுக்குச் சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் இருக்கிறது, தேனில் குழைத்துத் தருவார்கள், அதையும் வைத்தியரைக் கேட்டுத்தான்.

சரி, ஏறியதா? ஆறு வாரத்தில் 9.9. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார், ஆனாலும் தொடரச் சொன்னார். மூன்று மாதம், ஆறு புட்டி முடிந்தபோது 10.8, ஃபெரிட்டின் 13. இந்த ஏற்றம் முழுவதும் மருந்தால் என்று சொல்ல மாட்டேன், டீயைத் தள்ளிவைத்தேன், தினம் ஒரு நெல்லிக்காய் கடித்தேன், வாரம் இரண்டு முறை ஈரல் சமைத்தேன். மாத்திரையைத் தாங்கியிருந்தால் இதைவிட வேகமாக ஏறியிருக்கும். ஆனால் எனக்கு இதில் மலச்சிக்கல் இல்லை, குமட்டல் இல்லை, ஒரு நாள்கூட விடாமல் குடிக்க முடிந்தது.

அந்தக் குன்னூர் வைத்தியர் இரண்டாவது முறை போனபோதே இன்னொன்றும் கேட்டார், "இவ்வளவு இரும்பு எங்கம்மா போச்சு?" இரண்டு வருடமாக மாதவிலக்கு பத்து நாள் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இந்த வயதில் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் நார்க்கட்டி. அதற்கு இப்போது ஊட்டியில் வைத்தியம் நடக்கிறது. பானையில் ஓட்டையை வைத்துக்கொண்டு மேலே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஏழாவது புட்டி இப்போதைக்கு வாங்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள், அப்படிப் போடும்போது வயிறு தாங்குகிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை இனிமேல்தான். நேற்று 60-வது படி வரை நிற்காமல் ஏறினேன்.