நான்கு திருகு டயமண்ட் அன்வில் செல்: ஏற்றத்தில் உறுதி, இறக்கத்தில் முரண்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் டயமண்ட் அன்வில் செல்லை, அதாவது இரண்டு வைரங்களுக்கு இடையே பொருளை நசுக்கி மிக உயர்ந்த அழுத்தம் தரும் கருவியைப் பற்றிய மதிப்பீடு இது. உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளை. அதனுள் 400 மைக்ரான் தட்டை முனை கொண்ட இரண்டு வைரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இடையில் துளையிட்ட கேஸ்கெட் என்ற மெல்லிய உலோகத் தகடு. அந்தத் துளைக்குள் ஆக்ஸைடுத் தூளையும், அழுத்தத்தை அளக்க ஒரு ரூபித் துணுக்கையும், அழுத்தத்தைச் சீராகப் பரப்ப 4:1 விகித மெத்தனால்–எத்தனால் கலவையையும் அடைத்து மூட வேண்டும்.

முதலில் நாங்கள் வைத்தது அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்ஸைடு. ஆலன் கீயைக் கால் சுற்று திருப்பினாலே ரூபியின் 694.2 நானோமீட்டர் ஒளிர்வுக் கோடு நகர்வது தெரிந்தது. ஒரு ஜிகாபாஸ்கலுக்கு (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) ஏறத்தாழ 0.365 நானோமீட்டர் என்பது கணக்கு. அழுத்தத்தை ஏற்றும்போது இந்தச் செல்லில் குறை சொல்ல எதுவுமில்லை. வைரங்களின் பின்னணி ஒளிர்வு மிகக் குறைவு என்பதால், சிதறும் லேசர் ஒளியின் வழியே அணு அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலையில் அனடேஸின் 144 செ.மீ⁻¹ என்ற வலுவான கோடு படிப்படியாக மேலேறி, 13 ஜிகாபாஸ்கலை ஒட்டி மங்கி, பேடலியைட் என்ற வேறொரு படிக அமைப்புக்குரிய புதிய கோடுகள் எழுவதைத் தெளிவாகப் பதிவு செய்ய முடிந்தது. ஆறு ஆக்ஸிஜன்கள் சூழ்ந்திருந்த டைட்டானியத்தை இப்போது ஏழு சூழ்கின்றன.

சிக்கல் இறக்கத்தில்தான். இப்பொருள் வந்த வழியே திரும்புவதில்லை. அழுத்தம் சுமார் 7 ஜிகாபாஸ்கலுக்கு இறங்கும்போது ஆல்ஃபா ஈய டை ஆக்ஸைடு வகை என்ற மூன்றாவது படிக அமைப்புக்கு மாறி, வளிமண்டல அழுத்தத்திலும் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பிடிக்க அரை ஜிகாபாஸ்கல் படிகளிலாவது நிதானமாக இறக்க வேண்டும். ஆனால் ஒரு வைரத்தைத் தாங்கி நகரும் பிஸ்டன் உருளைச் சுவரில் பிடித்துக்கொண்டு, திருகைத் தளர்த்தியும் அசையாமலிருந்து, பிறகு திடீரென விடுபட, அழுத்தம் 11-லிருந்து 4 ஜிகாபாஸ்கலுக்கு ஒரே தாவலில் விழுந்தது. செல்லைத் திறந்தபோது புதிய அமைப்பு இருந்தது. அது எந்த அழுத்தத்தில் உருவானது என்பது மட்டும் கைநழுவிப் போயிற்று. ஒரு வார உழைப்பு வீண்.

கையேடும் உதவவில்லை. நான்கு திருகுகளில் இரண்டு இடப்புரி, இரண்டு வலப்புரி. முறுக்குவிசை ஒன்றையொன்று ஈடுசெய்வதற்கான நல்ல ஏற்பாடு அது. எந்த இணையைச் சேர்த்துத் திருப்புவது என்ற ஒரு வரி மட்டும் கையேட்டில் இல்லை. புதிதாகச் சேர்ந்த மாணவர் தவறான இணையைத் திருப்பியதில் கேஸ்கெட் துளை ஒருபுறமாக இழுபட்டு மாதிரி வெளியேறியது. வைரம் தப்பியது எங்கள் நல்ல காலம். இப்போது திருகுத் தலைகளில் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் தொட்டு வைத்திருக்கிறோம்.

பிஸ்டனைத் துடைத்து மாலிப்டினம் டைசல்ஃபைடு கிரீஸ் மெலிதாகப் பூசி, திருகுகளின் அடியில் வில்போல் அமுங்கும் கிண்ண வாஷர்களில் உடன் வந்த கடினமானவற்றுக்குப் பதில் இளகியவற்றைப் போட்ட பிறகு நிலைமை பெரிதும் மாறியது. துத்தநாக ஆக்ஸைடை ஏற்றியபோது சுமார் 9 ஜிகாபாஸ்கலில் அது உப்புப் படிக அமைப்புக்குச் சுருங்கியதையும், இறக்கத்தில் 2-ஐ நெருங்கும்போது பழைய அமைப்புக்கு மீண்டதையும் ஒரே ஓட்டத்தில் பதிந்தோம். ஏற்ற அளவீடு மட்டும் போதுமென்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். இறக்கமும் வேண்டுமானால், திருகுகளுக்குப் பதில் வாயுவால் உப்பிப் பிஸ்டனைத் தள்ளும் மெம்பிரேன் (சவ்வு) இணைப்பு இதற்குப் பொருந்துமா என்று விற்பனையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்காமல் விட்டோம்.