மக்காச்சோளத்துக்கு "வைரஸ் மருந்து" வாங்கி 14,600 ரூபாய் போச்சு

பெங்களூரில் வேலை, தொட்டபள்ளாபூர் பக்கம் குத்தகைக்கு இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

போன மாதம் குருத்து இலைகளில் வெளிர் பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல். குருத்தைப் பிரித்தால் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி அப்பிக் கிடக்கிறது, கூடவே எறும்பு. விவசாய மருந்து விற்கும் ஒரு ஆப்பில் படம் போட்டேன். பத்தே நிமிடத்தில் "பயிர் ஆலோசகர்" ஒருவர் கூப்பிட்டார், அதுவும் தமிழில். "அண்ணா, இது சத்துக் குறைபாடு இல்ல, அசுவினி பரப்புற வைரஸ்" என்றார். சொன்னது சரிதான், அங்கேதான் நான் விழுந்தேன். நோயைச் சரியாகச் சொன்னவர் மருந்தையும் சரியாகத்தானே சொல்வார் என்று நினைத்து, செடிக்குள்ளேயே வைரஸைக் கொன்றுவிடும் என்று அவர் சொன்ன நாலு பாட்டிலுக்கு 14,600 ரூபாய் கட்டினேன். மூன்று தடவை அடித்தாயிற்று. செடி குட்டையாகவே நின்றது, தேமல் அடுத்த வரிசைகளுக்கும் போய்விட்டது.

கேட்டால் முதலில் "தண்ணி உப்பா இருக்கும்", அப்புறம் "லேட்டா அடிச்சிட்டீங்க", அப்புறம் "புகார் பதிவாகிடுச்சு சார்". அண்ணா எப்போது சாரானேன் என்று தெரியவில்லை. இப்போது அந்த நம்பரை யாரும் எடுப்பதே இல்லை.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.வில் இலையைக் காட்டினேன். செடிக்குள் போன வைரஸைக் கொல்ல மருந்தே கிடையாதாம். இந்தத் தேமல் வைரஸை அசுவினி சில நொடி இலையைக் குத்திப் பார்க்கும்போதே வாயில் ஒட்டிக்கொண்டு போய், அடுத்த செடியைக் குத்தும்போது ஏற்றிவிடுகிறது, பூச்சிமருந்து பட்டு அது சாவதற்குள் காரியம் முடிந்துவிடும். கரும்பிலும் ஜான்சன் புல்லிலும் இதே வகை வைரஸ்கள் தங்கும் என்றார்கள், என் வரப்பு முழுக்க அந்தப் புல்தான். வீட்டுக்கு வந்து பாட்டிலைப் படித்தால் பூச்சிக்கொல்லிக்குப் போட வேண்டிய பதிவு எண் இல்லை, பொடி எழுத்தில் "வளர்ச்சி ஊக்கி". 14,600 ரூபாய்க்கு வளர்ச்சி ஊக்கி!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. "வைரஸ் மருந்து" என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். பணம் கட்டும் முன் லேபிளின் படத்தைக் கேளுங்கள். வரப்புப் புல்லை விதைப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள், விதை வாங்கும்போது தேமலைத் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், நான் அதையும் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். விடிந்ததும் மாட்டுத் தீவனத்துக்கு வெட்ட ஆள் வருகிறார்கள், நான் கிளம்ப வேண்டும்.